வலது காலுக்கு ஒரு மனு

லீலண்ட் ஸ்டால்நேக்கரின் வலது பாதம் மரத்துப்போக ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதலில் சுண்டுவிரல். பிறகு பாதத்தின் வெளிப்பக்கம். அப்புறம் ஒருநாள் காலையில் காலுறை போடும்போது, போட்டாகிவிட்டதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வலித்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பார். வலிக்கவே வலிக்காத ஒன்றை யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. பிரையர் கவுண்டியில் பள்ளிப் பேருந்து ஓட்டினார், பதினாலாம் நம்பர் வண்டி. மேற்கு வர்ஜீனியாவில் எங்கள் பக்கம் சமதளம் என்று ஒன்று இருந்தால் அது பள்ளிக்கூடத்து வாகன நிறுத்தம்தான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். அந்தச் சாலைகளில் முப்பத்தொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஒரு தடவைகூட எங்கும் உரசாமல் பதினொரு வருஷம் ஓட்டியவர். முடுக்குவதும் நிறுத்துவதும் வலது காலின் வேலை. கால் போனபிறகு அவர் காதால் பிரேக் பிடிக்கப் பழகிக்கொண்டார். காற்று பிரேக் உஸ்ஸென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வந்தால் பாதம் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் ஒரு நொடி குனிந்து பார்ப்பார்.

அந்தக் குனிதலைப் பார்த்தவள் ஒருத்திதான். ஓப்பல் ஹிங்கிள், வண்டியில் சின்னப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர். வயது அறுபத்துமூன்று. சீட்டுக்குச் சீட்டு நடந்து மூக்குத் துடைத்து, சண்டை விலக்கி, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள்.

"என்ன ராசா, காலடியில காசு கிடக்குதா? குனிஞ்சு குனிஞ்சு பாக்குற?"

"ஷூ லேஸ் அவுந்திருக்கான்னு பாத்தேன்."

"நீ போட்டிருக்கிற பூட்ஸுக்கு லேஸே கிடையாது."

லீலண்ட் சிரித்து மழுப்பினார். ஓப்பல் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குமேல் கேட்கவும் இல்லை.

காலுக்கு மூலம் முதுகு. முதுகுக்கு மூலம் ஈராக். 2005-ல் நேஷனல் கார்டு என்ற மாநிலக் காவல்படையின் சரக்கு லாரிப் பிரிவில் அவர் சார்ஜென்ட். முன்னால் போன வண்டிக்கு அடியில் குண்டு வெடித்தபோது இவர் லாரியை ஒடித்துத் திருப்பினார். லாரி ஆறடிப் பள்ளத்தில் தலைகுப்புற இறங்கியது. ரத்தம் வரவில்லை, அதனால் யாரும் எதையும் எழுதிக்கொள்ளவும் இல்லை. மறுநாள் வேறொரு லாரி கொடுத்தார்கள், ஓட்டினார். ஊருக்குத் திரும்பிப் பல வருஷம் கழித்துத்தான் முதுகெலும்புத் தட்டு நசுங்கியிருப்பதைப் படம் எடுத்துக் கண்டுபிடித்தார்கள். அரசாங்கம் ஒத்துக்கொண்டது. ஆனால் பரிசோதனைக்குப் போன அன்றைக்கு மூன்று மாத்திரை போட்டுக்கொண்டு போயிருந்தார். டாக்டர் குனியச் சொன்னதும் பட்டாளத்து ரோஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றாகவே குனிந்துவிட்டார். அவர்கள் அதையே எழுதினார்கள். இருபது சதவீதம் ஊனம் என்று தீர்ப்பு வந்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு போட்டு மூன்று வருஷம் முடிந்து நாலாவது நடந்துகொண்டிருந்தது.

அக்டோபர் மாதம் அதை விசாரிக்கத்தான் கோர்ட் கட்டடத்தின் நிலவறைக்குப் போனார். அங்கே முன்னாள் படைவீரர்களின் மனுக்களை எழுதிக்கொடுக்க கவுண்டி நிர்வாகம் ஓர் ஆளை வைத்திருந்தது. பெயர் நடீன் கட்லிப். கடற்படையில் குமாஸ்தாவாக இருந்தவள், எதையும் பூசி மெழுகத் தெரியாதவள். கடைசிப் படியில் லீலண்டின் வலது கால் நுனி தடுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து விழாத குறை.

"உக்காருங்க சார்ஜென்ட். படியில எந்தத் தப்பும் இல்லை, காலையிலயிருந்து எட்டுப் பேர் நல்லபடியா இறங்கியிருக்காங்க. கால்ல என்ன?"

"ஒண்ணுமில்லை. அப்பீல் எந்த நிலையில இருக்கு?"

"போன தடவை எந்த நிலையில இருந்துச்சோ அதே நிலையில. நீதிபதிக்காகக் காத்திருக்கு. கால்ல என்னன்னு கேட்டேன்."

அவர் சொன்னார். ரொம்ப நாள் அடக்கி வைத்திருந்தவர் என்பதால் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "ஆனா இப்ப இதைக் கிளப்ப வேண்டாம்" என்றார். "புதுசா ஒண்ணு போட்டா பழைய ஃபைலை வரிசையிலயிருந்து உருவி எடுத்துடுவாங்களாம். திரும்பவும் கடைசியில போய் நிக்கணுமாம். படைவீரர் மன்றத்துல எல்லாரும் சொல்றாங்க."

"மன்றத்துல பியர் ஊத்துறவன் சொன்னானா, குடிக்கிறவன் சொன்னானா?" நடீன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "கேளுங்க. அப்பீலுக்குப் போனது உங்க முதுகு. அதுவும் நாலு வருஷத்துக்கு முந்தின முதுகு. நீங்க எடுத்த வரிசையில புதுக் காகிதம் எதையும் சேர்க்க முடியாது. நீதிபதி அந்தப் பழைய கட்டை மட்டும்தான் பிரிச்சுப் பாப்பார். இந்தக் கால் அந்தக் கட்டுலயே இல்லை. முதுகாலதான் கால் கெட்டுச்சுன்னா அது தனி மனு, தனி வரிசை. ஒண்ணு இன்னொண்ணைத் தொடாது. ரெண்டு வருஷத்தை வீணடிச்சிருக்கீங்க."

லீலண்டுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினாற்போல இருந்தது. அது அரை நிமிஷம்தான்.

நடீன் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தாள். "அன்றாடம் எதெதுக்கெல்லாம் கஷ்டம்னு எழுதணும். மாடிப்படி. ஈரத் தரை. வண்டி ஓட்டும்போது பெடல் தெரியறதில்லை... இது முக்கியம், இதை முதல்ல போடறேன். இப்ப என்ன வேலை பாக்குறீங்க?"

அவர் குனிந்து பூட்ஸைப் பார்த்தார். அவள் திரையை மேலே தள்ளிப் பழைய பக்கத்தில் பார்த்துக்கொண்டாள். விசைகளின் மேலிருந்த கைகள் நின்றன.

சுவரில் வெந்நீர்க் குழாய் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள் கடைசியில்.

"முப்பத்தொண்ணு."

"இந்த அறையில நீங்க சொல்றது வெளிய போகாது. போகக்கூடாதுன்னு இருக்கு. ஆனா என் காதுல விழுந்துடுச்சு சார்ஜென்ட். விழாத மாதிரி என்னால ஆகமுடியாது."

"பெடல் விஷயத்தை மட்டும் விட்டுட்டு எழுதலாமா?"

"எழுதலாம். கால்ல உணர்ச்சி இல்லைங்கறீங்க, தினமும் பஸ் ஓட்டறேங்கறீங்க. பரிசோதிக்கிற டாக்டர் கேக்கற முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும். அப்ப என்ன சொல்வீங்க?"

 நடீன் பெருமூச்சு விட்டு வேறொரு தாளை எடுத்தாள். மனு கொடுக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே தெரிவிக்கும் சீட்டு. அதைக் கொடுத்துவிட்டால் அன்றைய தேதி அவர் பெயரில் நிற்கும். ஒரு வருஷத்துக்குள் முழு மனுவையும் கொடுத்தால் போதும். "தேதியை நான் பிடிச்சு வைக்கிறேன். மத்ததை நீங்கதான் முடிவு பண்ணணும். ஆனா ஒரு வருஷம் இருக்குன்னு ஒரு வருஷம் ஓட்டாதீங்க. நான் பஸ்ஸைச் சொல்றேன்."

வீட்டில் அவர் மனைவி வெர்னா பீன்ஸை வேகவைத்து, இரும்புச் சட்டியில் சோளரொட்டி சுட்டிருந்தாள். சட்டியை இரண்டு கையாலும், விரல் மடங்காமல் உள்ளங்கையால் அணைத்துத் தூக்கினாள். அவளுக்கு முடக்குவாதம். எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் மருந்து ஏற்றிக்கொண்டால் விரல்கள் மடங்கும். ஏற்றாவிட்டால் பித்தானைக்கூடப் போட முடியாது. படைவீரர் என்ற முறையில் லீலண்டுக்கு வைத்தியம் இலவசம், மனைவிக்கு இல்லை. வெர்னாவின் மருந்து முழுக்கப் பேருந்து வேலையோடு வந்த காப்பீட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் சொன்னதை அவள் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன். என்கிட்ட சொல்லலை."

"சொன்னா நீ என்ன சொல்வேன்னு எனக்குத் தெரியலை. ஓட்டாதேன்னு சொன்னாலும் கஷ்டம், ஓட்டுன்னு சொன்னாலும் கஷ்டம்."

வெர்னா தன் கைகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஜூன் வரைக்கும்" என்றாள். "ஜூன்ல பள்ளிக்கூடம் மூடட்டும். அதுக்குள்ள ஏதாவது வழி பண்ணிக்கலாம். ஜாக்கிரதையா ஓட்டு."

சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள், பாதி சாப்பாடு அப்படியே இருந்தது. அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததை நினைத்து அவள் பிற்பாடு எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு இரண்டு பேருக்குமே வேறு எதுவும் தெரியவில்லை.

அவளிடமும் சொல்லாத ஒன்று லீலண்டிடம் பாக்கி இருந்தது. ஆகஸ்டு மாதம் ஓட்டுநர்களுக்கு வருஷாந்தர மருத்துவப் பரிசோதனை. அந்தத் தாளில் ஒரு கேள்வி: கால்களில் மரப்போ உணர்ச்சிக் குறைவோ உண்டா? இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார். போன வருஷமும் அப்படித்தான். இப்போது மனுவில் கையெழுத்துப் போட்டால், இரண்டு வருஷமாக உண்டு என்று சொன்னதாகும். எந்தத் தாளை உண்மையென்றாலும் இன்னொரு தாள் அவரைப் பொய்யனாக்கிவிடும். மனு போட்டால் வேலை அன்றைக்கே போகும், பணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போடாவிட்டால் தினமும் காலையில் முப்பத்தொரு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பிள்ளைகளில் யாராவது முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்துக் கையாட்டினால், இவர் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

நவம்பர் போயிற்று. மான் வேட்டைக்காகப் பள்ளி மூடிய வாரம் முழுக்க அவர் நன்றாகத் தூங்கினார். பள்ளி திறந்ததும் தூக்கம் போயிற்று. டிசம்பரில் நடீன் ஒரு தடவை கூப்பிட்டாள், அவர் எடுக்கவில்லை.

ஜனவரி மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை காலை. லாரல் ஓடை இறக்கத்தில் உப்புத் தூவியிருந்தார்கள், பனி இல்லை, தரை காய்ந்துதான் இருந்தது. இறக்கத்தின் அடியில் நெடுஞ்சாலை. அங்கே நிறுத்தற்பலகை. ஆயிரம் தடவை நின்ற இடம். லீலண்ட் மிதித்தார். உஸ்ஸென்ற சத்தம் வரவில்லை. இஞ்சின் உறுமியது. பாதம் பாதி பிரேக்கிலும் பாதி முடுக்கியிலுமாக இறங்கியிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பார்த்த அந்த ஒரு நொடியில் வண்டியின் மூக்கு நெடுஞ்சாலைக்குள் போய்விட்டது.

இடப்பக்கத்திலிருந்து மரம் ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. அதன் ஊதல் அலறியது. லீலண்ட் கை பிரேக்கின் மஞ்சள் குமிழைப் பிடித்து இழுத்தார். வண்டி குலுங்கி நின்றது. லாரி எதிர்த்தடத்துக்கு ஒடித்துத் திரும்பி, கட்டைகள் கிரீச்சிட, கண்ணாடிக்கு ஒரு முழத் தூரத்தில் பாய்ந்து போயிற்று. எதிரே வேறு வண்டி வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதையை இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம்.

உள்ளே யாருடைய டிபன் டப்பாவோ கவிழ்ந்து உருண்டது. ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. ஓப்பல் எழுந்து தலைகளை எண்ணினாள். கடைசி சீட்டு வரை போய் மறுபடியும் எண்ணிக்கொண்டே முன்னால் வந்தாள். யாருக்கும் ஒன்றும் இல்லை. அவள் லீலண்டின் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் காலைப் பார்த்தாள்.

"பின்னாடி எடு" என்றாள். "ரோட்டுல நிக்கறோம்."

அதுதான் கொடுமை. வண்டியை அந்த இடத்தில் விட முடியாது. அதை நகர்த்தத் தெரிந்தவர் அந்தக் காலை வைத்திருந்த அவர் ஒருவர்தான். ஓப்பல் தன் சிவப்புக் கழுத்துத் துணியை உருவிக்கொண்டு இறங்கி, நெடுஞ்சாலை நடுவில் நின்று இரண்டு பக்கமும் வீசினாள். லீலண்ட் வலது காலைக் கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இடது காலால் பெடல்களை மிதித்து, பத்தடி பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.  இஞ்சினை அணைத்து, சாவியை உருவி, டாஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"டிப்போ, பதினாலு. லாரல் ஓடை அடிவாரத்துக்கு இன்னொரு டிரைவரை அனுப்பு."

டிப்போ மேலாளர் ஹார்லன் டெட்ரிக்கின் குரல் வந்தது. "வண்டி கெட்டுப்போச்சா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் கெட்டுப்போயிருக்கேன்."

"குடிச்சிருக்கியா லீலண்ட்?"

"இல்லை. கால் தெரியலை எனக்கு. ரெண்டு வருஷமாத் தெரியலை."

எல்லா வண்டிகளுக்கும் ஒரே அலைவரிசைதான். கவுண்டியின் மற்ற ஓட்டுநர்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள். 

மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஓட்டுநர் அனுமதி போயிற்று. பதினொரு வருஷத்தில் எடுக்காமல் சேர்த்து வைத்திருந்த மருத்துவ விடுப்பு நாட்கள் இருந்ததால், அவை தீரும்வரை சம்பளமும் காப்பீடும் ஓடும் என்று கல்வி வாரியம் சொன்னது. மளிகைக் கடையில் ஒரு பெண் அவருடைய தள்ளுவண்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள். "என் பொண்ணு ரெண்டாவது சீட்டுல உக்காருவா. ரெண்டு வருஷமும் தெரிஞ்சேதான் ஓட்டினீங்களா?"

"ஆமா" என்றார்.

அவர் ஏதாவது சமாதானம் சொல்லியிருந்தால் அவள் திட்டியிருப்பாள். ஒன்றும் சொல்லாததால் அழுதுகொண்டே போய்விட்டாள். அதற்குப் பிறகு வெர்னாதான் கடைக்குப் போனாள்.

பிப்ரவரியில் நடீன் முழு மனுவையும் எழுதினாள். முதுகுக் காயத்தின் விளைவாக வலது காலில் நரம்புப் பாதிப்பு. பெடல் விஷயம் முதல் வரியிலேயே இருந்தது. மார்ச்சில் பரிசோதனைக்கு அழைப்பு வந்தது, இரண்டரை மணி நேரப் பயணம், வெர்னா ஓட்டினாள். கடைத்தொகுதி ஒன்றில் வாடகை அறை. அரசாங்கம் ஒப்பந்தத்தில் அமர்த்திய இளம் டாக்டர், மரியாதையானவர். ஊசியால் குத்தினார், அதிர்வு தெரிகிறதா என்று இசைக்கவையைத் தட்டி எலும்பில் வைத்தார். பதினைந்து நிமிஷம். வேலைக்காக ஏதாவது மருத்துவச் சான்று எடுத்ததுண்டா என்று கேட்டார். இனி எதையும் மறைப்பதில்லை என்ற முடிவோடு போயிருந்த லீலண்ட், ஆகஸ்டு மாதத்துத் தாளின் நகலைத் தானே எடுத்துக் கொடுத்தார். "இதுல நான் எழுதினது பொய்" என்றும் சொன்னார். டாக்டர் தலையாட்டிக்கொண்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

மே மாதம் பதில் வந்தது. மறுப்பு. லீலண்ட் அதை நடீன் முன்னால் வைத்தார். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"'மேற்படி காலம் முழுவதும் மனுதாரர் பள்ளிப் பேருந்து ஓட்டுநராகத் தொடர்ந்து பணியாற்றியுள்ளார். கால்களில் உணர்ச்சிக் குறைவு ஏதும் இல்லை என்று சென்ற ஆகஸ்டில் அவரே கையொப்பமிட்டுள்ளார். எனவே பாதிப்பு நிரூபிக்கப்படவில்லை.'" தாளைக் கீழே போட்டாள். "பொய்யை எழுதினப்ப நம்பினாங்க. உண்மையைச் சொன்னா அந்தப் பொய்யை எடுத்துக் காட்டுறாங்க."

"நான் ஓட்டினதுதான் எனக்கு எதிர்சாட்சி."

"ஆமா. நல்லா ஓட்டியிருக்கீங்க, அதான் தப்பு." அவள் எழுந்து காபி ஊற்றிக்கொண்டு வந்தாள். "முடியலை இன்னும். புதுச் சான்று இருந்தா திரும்பக் கேக்கலாம், பிடிச்சு வெச்ச தேதியும் போகாது. ரெண்டு வேணும். ஒண்ணு, நரம்புல மின்சாரம் வெச்சுப் பாக்குற சோதனை, அதோட முதுகாலதான் வந்துச்சுன்னு டாக்டர் கைப்பட எழுதினது. அது நான் ஏற்பாடு பண்ணிக்கறேன். இன்னொண்ணு, அந்த ரெண்டு வருஷமும் கண்ணால பாத்த ஒரு ஆள். உங்க வீட்டம்மாவுக்கே நீங்க சொல்லலை. வேற யாரு பாத்தா?"

லீலண்ட் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருத்தங்க பாத்தாங்க. அவங்களைக் கேக்க மாட்டேன்."

ஆனாலும் அந்த வாரமே ஓப்பல் வீட்டுக்குப் போனார். அவள் சமையலறையில் ஸ்ட்ராபெர்ரி காய்ச்சிக் கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"நடீன் உங்களுக்கு போன் பண்ணுவா" என்றார். "சாட்சி எழுதிக் குடுங்கன்னு கேப்பா. முடியாதுன்னு சொல்லிடுங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஓப்பல் கரண்டியை வைத்தாள். "நான் பாத்தேன்னு எழுதினா, பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்னும் எழுதின மாதிரிதானே?"

"அதான் சொல்றேன். வேண்டாம்."

"நீ ஒரு ஆளு, கேக்க வந்துட்டு வேண்டாம்னு சொல்ற. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு ராசா. முழு பென்ஷனுக்கு ரெண்டே வருஷம்."

"தெரியும்."

"தெரிஞ்சா போ. பாகு கெட்டியாகுது."

அவர் போய்விட்டார். நடீன் போன் செய்தபோது ஓப்பல் எடுக்கவில்லை.

ஜூன் நடுவில் விடுப்பு நாட்கள் தீர்ந்தன. சம்பளம் நின்றது, காப்பீடும் நின்றது. ஜூலையில் வெர்னாவுக்கு மருந்து ஏற்ற வேண்டிய நாள் வந்து போயிற்று. இரண்டு வாரத்தில் அவள் விரல்கள் வீங்கி மடங்காமல் போயின. லீலண்ட்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டார், ரவிக்கைப் பித்தான் போட்டுவிட்டார். நடக்கும்போது வலது காலை இழுத்தார். ஒருநாள் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு ஊறுகாய்ப் புட்டியின் மூடியைத் திறக்கப் பார்த்துத் தோற்றுப்போனார்கள்.

"நமக்குள்ள ஒரு முழு மனுஷன் தேறுவானா?" என்றாள் வெர்னா.

"தலை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"உன் தலையைச் சேர்க்காதே" என்றாள் அவள். சிரிக்கவும் செய்தாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் ஜூன் வரைக்கும்னு சொன்னேன்" என்றாள். முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள். லீலண்ட் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓட்டினது நான்" என்றார். 

ஓப்பல் வந்தது ஜூலை கடைசியில். நேரே நடீனிடம் வரவில்லை. முதலில் டிப்போவுக்குப் போய் டெட்ரிக்கின் மேஜையில் ஒரு நகலைப் போட்டுவிட்டு, அப்புறம் நிலவறைக்கு வந்தாள். கோடு போட்ட நோட்டுத் தாள் ஆறு பக்கம், பென்சிலில். நடீன் பிறகு அதன் சில வரிகளை லீலண்டுக்குப் படித்துக் காட்டினாள்.

"அவர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் காலைக் குனிந்து பார்ப்பார். முதலில் நாளைக்கு ஒரு தடவை. கடைசி வருஷத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும். ஒருநாள் அவர் காலில் என் குடை முனையை ஊன்றி நின்றேன், வேண்டுமென்றேதான், அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். என் வேலை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. சொன்னால் எங்கள் வண்டிக்குப் புது ஆள் வருவான், ஒத்துவராது என்று நினைத்தேன். அது சரியான காரணம் இல்லை. எழுதும்போது தெரிகிறது."

கல்வி வாரியம் ஓப்பலைக் கூப்பிட்டு விசாரித்தது. ஆகஸ்டில் அவள் தானாகவே ஓய்வு வாங்கிக்கொண்டாள், குறைந்த பென்ஷனில். லீலண்ட் நன்றி சொல்லப் போனபோது கதவைத் திறந்து ஒரு புட்டி ஜாமை அவர் கையில் திணித்தாள்.

"உனக்காக எழுதினேன்னு நினைச்சு நிக்காதே. ஜனவரியிலயிருந்து கண்ணை மூடினா தலையை எண்ணிக்கிட்டே இருக்கேன். முப்பதுதான் வருது. எழுதினதுக்கப்புறம் முப்பத்தொண்ணு வருது. அவ்வளவுதான்."

அதே ஆகஸ்டில் டெட்ரிக் லீலண்டைக் கூப்பிட்டு, டிப்போவில் வயர்லெஸ் பார்க்கும் வேலையைக் கொடுத்தார். ஜன்னல் இல்லாத அறை, வாரத்துக்கு முப்பது மணி நேரம், சம்பளம் பாதி. காப்பீடு உண்டு. "உன் மேல எனக்கு இன்னும் கோபம் போகலை" என்றார் டெட்ரிக். "ஆனா ரோடு பூரா மனப்பாடமா வெச்சிருக்கிறவன் வேற எவனும் இல்லை." செப்டம்பரில் வெர்னாவுக்கு மருந்து ஏறியது. விரல்கள் மடங்க ஒரு மாதம் பிடித்தது. ஒரு விரல் மடங்கவே இல்லை.

அக்டோபரில் காலுக்கான மனு ஒப்புக்கொள்ளப்பட்டது. இருபது சதவீதம், நடீன் பிடித்து வைத்த தேதியிலிருந்து. அன்றைக்கு வெர்னா கேக் செய்தாள். லீலண்ட் இரண்டு துண்டு சாப்பிட்டார். சந்தோஷமாக இருக்கிறதா என்று அவள் கேட்டதற்கு, "என் கால் செத்துப்போச்சுன்னு கவர்ன்மென்ட் ஒத்துக்கிச்சு. இதுக்கு எப்படி சந்தோஷப்படறதுன்னு தெரியலை" என்றார்.

டிசம்பரில் நீதிபதியிடமிருந்து முதுகின் மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தது. லீலண்ட் உறையைப் பிரிக்காமலே நிலவறைக்குக் கொண்டுபோனார். நடீன் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஜெயிச்சேனா?"

"இல்லை."

"தோத்தேனா?"

"அதுவும் இல்லை. திருப்பி அனுப்பியிருக்கார். முதல்ல பாத்த டாக்டர், வலி அதிகமாகிற நாள்ல எப்படி இருக்கும்னு உங்களைக் கேக்கவே இல்லையாம். அதனால அந்தப் பரிசோதனை செல்லாது. புதுசா ஒண்ணு வெச்சு, அதுக்கப்புறம் முடிவு பண்ணச் சொல்லியிருக்கார்."

"நாலு வருஷம் கழிச்சா?"

"நாலு வருஷம் கழிச்சு."

"இன்னும் எத்தனை நாளாகும்?"

"ஒரு வருஷம் ஆகலாம். ரெண்டும் ஆகலாம். சொல்ல முடியாது சார்ஜென்ட். வேண்டாம்னா வாபஸ் வாங்கலாம். வாங்கினா இவ்வளவு நாள் நின்ன வரிசை போயிடும்."

லீலண்ட் தாளை வாங்கிப் பார்த்தார். கோபப்படலாம் என்று பார்த்தார், கோபம் வரவில்லை. பிறகு பேனா கேட்டு வாங்கி, புதுப் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ளும் தாளில் அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பரிசோதனைத் தேதி ஜனவரி கடைசியில் தபாலில் வந்தது. பிப்ரவரி பதினொன்று, காலை ஒன்பது மணி. அன்றைக்கு லீவு வேண்டும் என்று டெட்ரிக்கிடம் போய் நின்றார்.

"எதுக்கு?"

"முதுகுக்கு."

"அது இன்னும் முடியலையா?"

"முடியலை."

டெட்ரிக் சுவரிலிருந்த நாட்காட்டியைப் புரட்டி, பதினொன்றாம் தேதிக் கட்டத்தில் லீலண்டின் பெயரை எழுதினார். உள்ளே வயர்லெஸ்ஸில் யாரோ டிப்போவைக் கூப்பிட்டார்கள். லீலண்ட் காலை இழுத்துக்கொண்டு போய் எடுத்தார்.